வீரனை விற்ற இளைஞர் இருவர்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை என் தமக்கையின் மகன், எட்டு வயதுச் சிறுவன், பேருந்து நிலையத்துக் கடையொன்றில் வாங்கிய சித்திரக் கதைப் புத்தகத்தைக் கையிலேந்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். பதினாறே பக்கங்கொண்ட அச்சிறு புத்தகத்தை அதற்குள் மூன்றுமுறை படித்து முடித்திருந்தான். "மாமா, இந்தக் கதையை எழுதினவர் யார்? படம் வரைந்தவர் யார்? எங்கும் பேர் போடவில்லையே!" என்று கேட்டான். யான் வாய்திறவாதிருந்தேன். எழுதினவன் யானே, வரைந்தவன் கல்லூரி விடுதியில் என்னோடு ஓரறையில் உறையும் நண்பன். ஆயினும், "நான்தானடா எழுதினேன்" என்று சொல்ல என் நா எழவில்லை. சொல்லியிருந்தாலும் அச்சிறுவனுக்கு யான் காட்டத்தக்க சான்று யாதிருந்தது?

நிகழ்ந்தது இது. முந்திய ஆண்டில் யாங்கள் இருவரும் பல இரவுகள் விழித்திருந்து அக்கதையை ஆக்கினோம். பின்னர் அதனைப் பதிப்பாளர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, முகமலர்ந்து, இரண்டாயிரம் ரூபாயை மேசைமேல் எண்ணிவைத்தார். அதனோடு அச்சிட்ட தாளொன்றையும் நீட்டி, "தம்பி, இது வெறும் வழக்கத்துக்குத்தான், இரண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்றார். எங்கள் கண்கள் ரூபாயின்மேல் இருந்தனவேயன்றித் தாளின்மேல் இருக்கவில்லை. கையெழுத்திட்டோம், அன்றிரவே விடுதித் தோழர்க்கெல்லாம் விருந்தளித்தோம். அத்தாளில் எழுதியிருந்தது யாதென்று இன்றளவும் எங்களுக்குத் தெளிவாகத் தெரியாது.

கல்லூரி திறந்தபின் இச்செய்தியை எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்களிடம் முறையிட்டேன். அவர்கள் புன்முறுவல் செய்து, "வருந்தாதே தம்பி. சூப்பர்மேனைப் படைத்தவர்களுக்கே இது நேர்ந்தது. நூல்நிலையத்துக்குப் போய் அவர்கள் வரலாற்றைப் படித்துவிட்டு வா, பிறகு பேசுவோம்" என்று பணித்தார்கள். நீல உடையும் செம்போர்வையும் பூண்டு, மார்பில் ஓர் எழுத்தைத் தாங்கி, வானிற் பறந்துவரும் அவ்வீரனை அறியாதார் நம்மிற் சிலரே. அவனைப் படைத்தவரை அறிந்தாரோ அதனினும் மிகச் சிலர். அச்சிலருள் யானும் அன்று இருந்தேனல்லேன். அவர்கள் வரலாற்றைப் படித்தறிந்தவாறு ஈண்டுக் கூறத் துணிகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லண்டு நகரில், கிளென்வில் உயர்தரப் பாடசாலையில், ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் மாணவர் இருவர் பயின்றனர். இருவரும் 1914ஆம் ஆண்டிற் பிறந்தவர். இருவரும் ஐரோப்பாவினின்று குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஷூஸ்டர் பிறந்தது கனடா நாட்டு டொராண்டோ நகரில். சிறுபருவத்திற் கிளீவ்லண்டுக்கு வந்துசேர்ந்தார். சீகல் எழுதுவார், ஷூஸ்டர் வரைவார். இருவரும் கூச்சமிக்கவர், விஞ்ஞானக் கற்பனைக் கதைகளிலே மூழ்கிக் கிடந்தவர். நாடெங்கும் வேலையின்மையும் வறுமையும் பரவியிருந்த காலம் அது. சீகலின் தந்தையார் சிறு துணிக்கடை வைத்துப் பிழைத்துவந்தார். 1932ஆம் ஆண்டில் அக்கடையிற் கள்வர் புகுந்தகாலை அவர் மாரடைப்பால் மாண்டார். துப்பாக்கிக் குண்டும் துளைக்கமாட்டாத உடலுடைய வீரனை அம்மகன் பின்னர்க் கற்பித்தமைக்கு இத்துயரே வித்தாயிற்று என்பர் சிலர். அதனை அறுதியிட்டுக் கூறுதல் அரிது. எனினும் தந்தையை இழந்த பிள்ளையின் உள்ளம் எதை நாடும் என்பதை அறிதற்கு நமக்கு நூல்நிலையம் வேண்டுவதின்று.

சூப்பர்மேன் என்னும் பெயர் முதன்முதலிற் சூட்டப்பட்டது வீரனுக்கன்று, ஒரு கொடியவனுக்கே என்பது பலர்க்கும் வியப்பளிக்கும். 1933ஆம் ஆண்டு சனவரியில், தாங்களே தட்டெழுதிப் படியெடுத்து நடத்திவந்த சஞ்சிகையில், சீகல் ஒரு கதை எழுதினார். ஷூஸ்டர் அதற்குப் படம் வரைந்தார். பிறர் உள்ளத்தை ஊடுருவும் ஆற்றல்பெற்ற ஏழை ஒருவன் உலகையே அடக்கியாள முயன்று, முடிவில் அவ்வாற்றலை இழப்பதே அக்கதை. அதன்பின் நண்பர் இருவரும் அக்கருத்தைத் தலைகீழாக்கினர். அழியவிருந்த தொலைதூர உலகமொன்றினின்று தந்தை ஒருவர் தம் பச்சிளங் குழவியை விண்கலத்தில் வைத்து அனுப்புகின்றார்; குழவி இம்மண்ணுலகில் வந்திறங்கி, வளர்ந்து, எளியோர்க்குத் துணையாகின்றது. நாணற்பெட்டியில் வைத்து நதியோரத்தில் விடப்பட்ட மோசேயின் வரலாற்றை வேதபாட வகுப்பிற் கேட்ட நமக்கு, இக்கதை எக்குடியிற் பிறந்தார் உள்ளத்தே தோன்றியது என்பது வெள்ளிடைமலை.

செய்தித்தாள்களுக்குச் சித்திரத் தொடர்களை விநியோகிக்கும் நிலையங்கள் பல அந்நாட்டில் இருந்தன. அவற்றிற்கு இவ்விருவரும் தம் வீரனை மாறிமாறி அனுப்பினர். பக்குவமற்ற வேலை என்று சொல்லி ஒவ்வொன்றும் திருப்பியனுப்பிற்று. ஆண்டுகள் சில இங்ஙனம் கழிந்தன. இதற்கிடையே, 1935ஆம் ஆண்டு முதல், நியூயார்க்கு நகரிற் புதிதாய்த் தோன்றிய சித்திரக் கதைச் சஞ்சிகைகளுக்கு வேறு தொடர்கள் எழுதி வரைந்து, பக்கத்துக்கு இவ்வளவென்று கூலிபெற்றுப் பிழைத்துவந்தனர். அவர்கள் உயிர்போற் போற்றிய வீரனோ பெட்டியிலேயே உறங்கினான்.

1938ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்குழுமத்தார் "ஆக்‌ஷன் காமிக்ஸ்" என்னும் புதிய சஞ்சிகையைத் தொடங்கக் கருதினர். பக்கங்களை நிரப்புதற்குச் சரக்குத் தேவையாயிற்று. பலராலும் தள்ளப்பட்ட சூப்பர்மேன் படத்தாள்கள் அதன் ஆசிரியர் வின் ஸலிவன் கையிற் கிடைத்தன. செய்தித்தாளுக்கென நீண்ட வரிசைகளாய் வரைந்திருந்த படங்களை வெட்டி ஒட்டிப் பதின்மூன்று பக்கங்களாக அமைத்துத் தருமாறு சொல்லப்பட்டது. பக்கத்துக்குப் பத்து டாலராகப் பதின்மூன்று பக்கத்துக்கு 130 டாலர் விலை பேசப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், அக்கதையும் அதிலுள்ள பாத்திரமும் என்றென்றைக்கும் குழுமத்துக்கே உரியன என்று எழுதிய தாளில் இருவரும் கையெழுத்திட்டனர். அப்போது அவர்களுக்கு வயது இருபத்துமூன்று. இப்பகுதியைப் படித்த நாழிகையில், நூல்நிலைய மேசைமேல் அந்த இரண்டாயிரம் ரூபாயையே யான் மீண்டும் கண்டேன்.

1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இதழென்று குறிக்கப்பட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதலிதழ் ஏப்ரல் மாதத்திலேயே கடைகளுக்கு வந்தது. விலை 10 சென்று. பிரதிகள் ஏறத்தாழ 2,00,000. பசுநிற மோட்டார் வண்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையில் மோதும் வீரனை அட்டையிலே கண்ட உரிமையாளர் ஹாரி டானன்பெல்டு, இதனை யார் நம்புவார் என்று ஐயுற்றாராம். அடுத்துவந்த இதழ்களின் அட்டையிற் சூப்பர்மேன் இடம்பெற்றிலன்; ஏழாம் இதழிலேதான் மீண்டும் தோன்றினான். அதற்குள், சஞ்சிகையின் பெயரைச் சொல்லாது சூப்பர்மேன் வரும் புத்தகத்தைக் கொடுங்கள் என்று சிறுவர் கேட்கத் தொடங்கியிருந்தனர்.

அம்முதற்கதையைப் படிப்பார் ஒன்றை உணர்வர். அதில் வானுலக அரக்கரோ மாயாவிகளோ இலர். குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையினின்று மீட்கின்றான். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தண்டிக்கின்றான். இலஞ்சம் பெறும் அரசியலாளனைப் பின்தொடர்கின்றான். அன்று அவன் பறக்கவும் அறியான், தாவுதலையே அறிவான். பறத்தலும், அவனை மெலிவிக்கும் கிரிப்டோனைட்டு என்னும் கல்லும் பின்வந்தோர் சேர்த்தவை. அக்கல் முதலில் வானொலி நாடகத்திலே 1943ஆம் ஆண்டில் தோன்றியது. நீதி தவறும் இடமெல்லாம் ஒருவன் வந்து நின்று கேட்கமாட்டானா என்னும் எளியோர் ஏக்கமே அப்பதின்மூன்று பக்கங்களில் நிறைந்துள்ளது.

பின்னர் நிகழ்ந்தது பெருவெள்ளம் போன்றது. 1939 சனவரியில் செய்தித்தாள் தொடர் தொடங்கியது. முன்பு புறக்கணித்த அத்துறையே இப்பொழுது வரவேற்றது. அவ்வாண்டு வேனிலிற் சூப்பர்மேன் பெயராலேயே தனிச் சஞ்சிகை வெளிவந்தது. 1940இல் வானொலி நாடகமும், 1941இல் வண்ண அசைபடமும் தொடர்ந்தன. படைத்தோர் இருவரும் அக்காலத்திற் பட்டினி கிடந்தாரல்லர். கிளீவ்லண்டில் உதவியாளர்களை அமர்த்தி, பக்கங்களை ஆக்கியனுப்பி, நல்ல ஊதியமே பெற்றனர். உண்மையை மறைத்துப் பதிப்பாளரைக் கொடியவராகக் காட்டுதல் முறையன்று. ஆயினும் அவர்கள் பெற்றது உழுத கூலி, நிலம் பிறருடையதாயிருந்தது.

ஈண்டு ஒரு விந்தை காண்க. பிறர் சூப்பர்மேனைப் போன்ற வீரர்களைப் படைத்தபோது குழுமத்தார் நியாயஸ்தலத்தை நாடினர். 1939ஆம் ஆண்டில் "வொண்டர்மேன்" என்பானை எதிர்த்து வழக்கிட்டு வென்றனர். பாசட் குழுமத்தாரின் "காப்டன் மார்வல்" மீது 1941ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கோ 1953 வரை நீண்டது. முடிவிற் பாசட் குழுமத்தார் அவ்வீரனை வெளியிடுவதையே கைவிட்டனர். சூப்பர்மேன் என்பது தனித்தன்மையுடைய படைப்பு, அதனைப் பிறர் எடுத்தாளலாகாது என்பதே ஒவ்வொரு வழக்கிலும் குழுமத்தாரின் வாதம். அத்தனித்தன்மை யாருடைய உள்ளத்தில் உதித்தது என்னும் வினா அவ்வழக்குகளில் எழவில்லை.

அவ்வினா எழும் நாளும் வந்தது. சீகல் 1943ஆம் ஆண்டிற் படையிற் சேர்க்கப்பட்டார். சூப்பர்மேனின் இளமைப் பருவத்தை "சூப்பர்பாய்" என்னும் தொடராக்கலாம் என்று அவர் முன்னரே எழுதிக்கொடுத்திருந்தார். அவர் படையில் இருந்த காலத்தில், அவரைக் கேளாமலே அத்தொடர் வெளியிடப்பட்டது. 1947இல் இருவரும் வழக்குத் தொடுத்தனர். சூப்பர்மேன் குழுமத்துக்கே உரியவன், சூப்பர்பாயோ சீகலுக்குரியவன் என்று நியாயாதிபதி கண்டார். 1948இல், ஏறத்தாழ 94,000 டாலர் பெற்றுக்கொண்டு இருவரும் தம் உரிமையனைத்தையும் விட்டுக்கொடுத்தனர். அதிற் பெரும்பகுதி வழக்குச் செலவிற் கரைந்தது. அதுமுதல் அவர்கள் பெயர் கதைப்பக்கங்களினின்று நீக்கப்பட்டது.

இங்குப் படிக்கையில் யான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிதுநேரம் வாளா இருந்தேன். வழக்கிலே தோற்றவனுக்குப் பணம் மறுக்கப்படுவது இயல்பு. பெற்ற தந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவினின்று அழிப்பதற்கு எந்தத் தீர்ப்பு இடங்கொடுத்தது?

ஷூஸ்டரின் கண்பார்வை ஆண்டுதோறும் மங்கியது. ஓவியனுக்கு அதனினும் கொடிய நோய் வேறில்லை. சீகல் 1959ஆம் ஆண்டில் அக்குழுமத்துக்கே மீண்டும் எழுதச் சென்றார். தாம் பெற்ற பிள்ளையின் கதையைத் தம் பெயரின்றிக் கூலிக்கு எழுதி ஆண்டுகள் சில கழித்தார். பதிப்புரிமையை மீட்க முயன்ற வழக்கிலும் 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் தோல்வியே கண்டார். பின்னர்க் கலிபோர்னியாவில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளினார். ஷூஸ்டர் நியூயார்க்கில் உடன்பிறந்தாரோடு ஒடுங்கி வாழ்ந்தார்.

1975ஆம் ஆண்டிற் சூப்பர்மேன் கதையைப் பெரும்பொருட்செலவிற் சினிமாவாக்கப் போவதாகச் செய்தி பரவியது. சீகல் மனங்கொதித்து, தமக்கும் தம் நண்பர்க்கும் நேர்ந்ததையெல்லாம் நீண்ட அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் என்னும் ஓவியர் இருவர் அவர்களுக்காகப் பரிந்து பேச முன்வந்தனர். சட்டம் முற்றும் குழுமத்தின் பக்கமே நின்றது. ஆயினும் உலகத்தின் கண் அதன்மேற் பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், ஒவ்வொருவர்க்கும் ஆண்டுதோறும் 20,000 டாலர் அளிப்பதென்றும், சூப்பர்மேன் தோன்றும் இடங்களில் "படைத்தோர் ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர்" என்று பொறிப்பதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. இருபத்தெட்டு ஆண்டளவு மறைந்திருந்த பெயர்கள் மீண்டும் அச்சேறின. 1978ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்திலும் அப்பெயர்கள் ஒளிர்ந்தன.

ஷூஸ்டர் 1992 ஜூலையிற் காலமானார். அவ்வாண்டு நவம்பரிற் சூப்பர்மேன் போரில் மாள்வதாகக் கதையொன்று வெளியிடப்பட்டது. 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. கறுப்பு உறையிட்ட இதழை வாங்க மக்கள் கடைவாயிலில் வரிசையாய் நின்றனர். வீரன் மறுவருடமே உயிர்த்தெழுந்தான். அவனை முதன்முதல் வரைந்த கை மண்ணில் இருந்தது. சீகல் 1996 சனவரியில் மறைந்தார். அவர்தம் மரபினர் புதுச் சட்டத்தின் துணைகொண்டு உரிமையை மீட்க முயன்றனர். 2008இல் ஒருபகுதி வெற்றியும், 2013இல் தோல்வியும் எய்தினர். அவ்விருவர்க்கு 130 டாலரோடு பிற கணக்குகளையும் சேர்த்து 412 டாலருக்கு எழுதிக்கொடுத்த அந்தக் காசோலைத் தாள் மட்டும் 2012ஆம் ஆண்டு ஏலத்தில் 1,60,000 டாலருக்கு விலைபோயிற்று. பத்துச் சென்றுக்கு விற்ற முதலிதழின் பிரதியொன்று 2024இல் 60 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி 2034ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் அம்முதற்கதையின் பதிப்புரிமை அற்றுப்போகும். அன்று அது விற்றோர்க்கும் வாங்கினோர்க்கும் ஒப்ப, உலகோர் யாவர்க்கும் பொதுவாகும்.

இவ்வரலாற்றைப் படித்து முடித்துப் பேராசிரியர் ஐயா அவர்களிடம் சென்றேன். "ஐயா, பயற்றங் கூழுக்குச் சேட்டபுத்திர பாகத்தை விற்ற ஏசாவைப் போல, பசியால் அவசரப்பட்ட இவர்கள் தவறா? வாங்கின யாக்கோபின் தவறா?" என்று கேட்டேன். அவர்கள் சிறிது சிந்தித்து, "தம்பி, பொருளை விற்கலாம், அதன் ஊதியத்தையும் விற்கலாம். ஆனால் 'இதைச் செய்தவன் நான்' என்பது நடந்துபோன உண்மை. உண்மையை விற்பது எப்படி? நம் குறுந்தொகையைத் தொகுத்தவர்களைப் பார். பெயர் கிடைக்காத புலவரைப் பெயரில்லாமல் விட மனமில்லாமல், அவர் பாட்டிலிருந்தே சொல்லெடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டார்கள்" என்றார்கள்.

அவர்கள் கூறியதையே நம் நாட்டுச் சட்டமும் கூறுகின்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை எழுதிக்கொடுத்தபின்னும், தானே படைத்தவன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனுக்கு உண்டு என்கின்றது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, எத்தனை ஆண்டுக்கு உரிமை கொடுக்கப்பட்டது என்று பத்திரத்திற் குறிக்காவிடின் ஐந்தாண்டுக்கே கொடுத்ததாகக் கொள்ளவேண்டும் என்கின்றது. இவற்றை அறியாது யாங்கள் விருந்துண்டு மகிழ்ந்தோம்.

நண்பனும் யானும் பதிப்பாளர்க்குப் பணிவுடன் கடிதம் எழுதினோம். பணம் வேண்டுமென்று கேட்டிலோம். கையெழுத்திட்ட தாளின் படியொன்றையும், இனிவரும் பதிப்பில் எங்கள் பெயரையும் வேண்டினோம். "அடுத்த பதிப்பில் பார்க்கலாம் தம்பி" என்று தொலைபேசியில் விடை வந்தது; தாளின் படி இன்னும் வரவில்லை. அடுத்த பதிப்பு வருமோ, வந்தால் எங்கள் பெயர் வருமோ, அறியேம். பத்து நாள் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தமக்கையின் மகனை அழைத்து, அப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் படம் வரைந்த நண்பன் பெயரையும் அதன்கீழ் என் பெயரையும் மையால் எழுதிக்கொடுத்தேன். அவன் ஐயத்தோடு என் முகத்தைப் பார்த்து, "நிஜமாகவா மாமா?" என்றான். இம்முறை யான் வாய்திறந்து விடையிறுத்தேன்.

என் அருமை மாணவத் தோழர்களே! உங்களுட் கதை எழுதுவோர் உளர். படம் வரைவோர் உளர். பாட்டு இயற்றுவோரும் உளர். உங்கள் கையில் ஒருவர் பணத்தையும் தாளையும் ஒருங்கே வைப்பாராயின், முதலில் தாளைப் படித்து, பின்னர்ப் பணத்தை எண்ணுமாறு வேண்டிக்கொள்ளுகின்றேன்.